திகில் படத்தில் சர்க்கரை நோய்

திகில் படங்களும் பரபரப்புப் படங்களும் சர்க்கரை நோயைக் கதைக்குள் கொண்டுவரும்போது பெரும்பாலும் மூன்று காட்சிகளில் ஒன்றைக் கையாளுகின்றன. மருந்து கைக்கு எட்டாமல் போய் ஒருவரின் உயிர் ஊசலாடுவது முதல் காட்சி. இன்சுலின் ஊசி கொலைக்கருவி ஆவது இரண்டாவது. இனிப்புத் தின்றதற்குத் தண்டனையாக நோய் வருவது மூன்றாவது. மூன்றிலும் உண்மையின் சாயல் கொஞ்சம் உண்டு; பிழை அதைவிட அதிகம். இரண்டு மணி நேரப் படத்துக்கு நிமிடங்களில் ஏறி நிமிடங்களில் தீரும் ஆபத்து தேவைப்படுகிறது. சர்க்கரை நோயோ பெரும்பாலானவர்களின் உடலில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். இந்த வேகப் பொருத்தமின்மையிலிருந்துதான் திரைப் பிழைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

ஐந்து கிராம் கணக்கு

நலமாக இருக்கும் ஒருவரின் உடலில் ஓடும் சுமார் ஐந்து லிட்டர் இரத்தத்தில் கரைந்துள்ள குளுக்கோஸ் எல்லாம் சேர்ந்து ஐந்து கிராம் அளவே இருக்கும். மூளை மட்டுமே ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் செலவழிக்கிறது. செலவாகச் செலவாகக் கல்லீரல் இரத்தத்தில் குளுக்கோசை விட்டுக்கொண்டே இருக்கிறது. சாப்பிட்டதும் கூடும் சர்க்கரையைத் தசைகளுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் அனுப்பிவைப்பது, கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின்.

முதல் வகைச் சர்க்கரை நோயில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அந்த பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் சிறு வயதிலோ இளமையிலோ வரும் இந்த வகையில் இன்சுலினை வெளியிலிருந்து செலுத்தியே உயிர்வாழ முடியும். இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கும். ஆனால் திசுக்கள் அதற்குச் சரியாக இணங்காது, போகப்போகச் சுரப்பும் குறையும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரண்டாம் வகையினர். திரையிலோ கணக்கு தலைகீழ். ஊசியும் மயக்கமும் தேவைப்படுவதால் பரபரப்புப் படங்கள் முதல் வகையையே நாடுகின்றன.

சுகர் இறங்கும் காட்சி

திரையில் ஓரளவு சரியாக அமைவது இரத்தச் சர்க்கரை இறங்கும் காட்சிதான். காரணம் எளிது: இந்த ஒன்று மட்டும் உண்மையிலேயே படத்தின் வேகத்தில் நடக்கிறது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டவர் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டாலும், வழக்கத்தைவிடக் கடுமையாக உழைத்தாலும் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போகலாம். உடனே அட்ரினலின் சுரக்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அடங்காத பசி ஆகியவை அதன் அறிகுறிகள். 54க்குக் கீழே போனால் மூளையின் வேலை தடுமாறும். பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், அடுத்து வலிப்பும் மயக்கமும் வரலாம்.

'ஸ்டீல் மேக்னோலியாஸ்' (1989) படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் ஏற்ற ஷெல்பி, திருமண நாளன்று அழகு நிலையத்தில் நடுங்கத் தொடங்குகிறார். ஆரஞ்சுச் சாற்றைக் குடிக்க வைக்கும் தாயின் கையையே தட்டிவிடுகிறார். உதவ வருபவரிடம் எரிந்து விழுவது இந்த நிலையின் அசல் அறிகுறி. கதையை எழுதிய ராபர்ட் ஹார்லிங், சர்க்கரை நோயின் பின்விளைவுகளால் இறந்த தன் தங்கையை மனத்தில் வைத்தே அதை எழுதினார். காட்சியின் நுணுக்கத்துக்கு அதுவே காரணம். 'காட்ஃபாதர்' மூன்றாம் பாகத்தில் (1990) கர்தினாலிடம் பேசிக்கொண்டிருக்கும் மைக்கேல் கோர்லியோனி சோர்ந்து, பழச்சாறும் மிட்டாயும் கேட்பதும் சரியான சித்திரிப்பே.

டேவிட் ஃபின்ச்சரின் 'பேனிக் ரூம்' (2002) இதையே முழுப் படத்தின் கடிகாரமாக மாற்றியது. திருடர்களுக்குப் பயந்து தாயும் மகளும் பாதுகாப்பு அறைக்குள் பூட்டிக்கொள்கிறார்கள். மகளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். அறையில் தின்ன எதுவும் இல்லை. மருந்துப் பெட்டி வெளியே இருக்கிறது. கடைசியில் திருடர்களில் ஒருவனே அவளுக்கு ஊசி போடுகிறான். அந்த ஊசியில் இருப்பது குளுக்ககான். கல்லீரலில் சேமித்துள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடச் செய்யும் ஹார்மோன் அது. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பதால்தான் குளுக்ககான் ஊசியோ சிரை வழிக் குளுக்கோசோ தேவைப்படுகிறது. நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரையோ பழச்சாறோ கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதிப்பது மருத்துவர்கள் சொல்லும் முறை.

மாறிப்போகும் அறிகுறிகள்

'கான் ஏர்' (1997) படத்தில் கைதிகள் கடத்திய விமானத்தில் பேபி-ஓ என்ற கைதிக்கு இன்சுலின் வேண்டும். கலவரத்தில் ஊசி உடைந்துவிடுகிறது. அவர் வியர்த்து வழிந்து, துவண்டு போகிறார். நண்பர் ஊசியைத் தேடி அலைவது கதையின் ஒரு சரடு. இங்கே இரண்டு நிலைகள் குழம்பிவிட்டன. வியர்த்து நடுங்குவது சர்க்கரை இறங்கியதன் அடையாளம். இன்சுலின் கிடைக்காதவருக்குச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அவருக்குத் தாகம் எடுக்கும், சிறுநீர் அடிக்கடி பிரியும், நாக்கு வறளும். சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற அமிலப் பொருள்கள் இரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக இழுக்கும் மூச்சு, மூச்சில் பழ வாடை ஆகியவை அடுத்துத் தோன்றும். இது முற்றப் பல மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகும். மருத்துவமனையில் உப்புநீரும் இன்சுலினும் மெதுவாக ஏற்றி, பொட்டாசியத்தைக் கண்காணித்துத்தான் மீட்பார்கள். ஓர் ஊசி போட்டதும் துள்ளி எழுவது திரையில் மட்டும் நடக்கிறது.

இன்சுலின் கண்டறியப்படும் முன் இந்தக் கீட்டோ அமில நிலைதான் முதல் வகைக் குழந்தைகளின் முடிவாக இருந்தது. 1921இல் டொரண்டோவில் ஃபிரெடெரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. 1923இல் பேண்டிங்குக்கும் அந்த ஆய்வு நடந்த ஆய்வகத்தின் தலைவர் மெக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அறிகுறிகள் இடம் மாறுவதைச் சின்னத் தவறு என்று விட்டுவிட முடியாது. வியர்த்து மயங்கிக் கிடப்பவருக்கு இன்சுலின் போட வேண்டும் என்று படம் பார்த்தவர் நினைத்துக்கொண்டால், ஏற்கெனவே இறங்கிய சர்க்கரை இன்னும் இறங்கும், உயிர் போகலாம். எந்த நிலை என்று தெரியாதபோது, நினைவோடு இருப்பவருக்குச் சர்க்கரை கொடுப்பதே முதலுதவி நெறி. ஏறியிருந்தால் அந்தச் சிறிய அளவு பெரிதாகக் கெடுக்காது. இறங்கியிருந்தால் உயிரைக் காக்கும்.

ஊசி ஆயுதமாகும்போது

கிறிஸ்டோபர் நோலனின் 'மெமென்டோ' (2000) படத்தில் சம்மி என்பவருக்குப் புதிய நினைவு எதுவும் தங்காது. அவருடைய நோய் உண்மைதானா என்று சோதிக்க, சர்க்கரை நோயாளியான மனைவி கடிகாரத்தைப் பின்னால் திருப்பித் திருப்பி வைத்து, ஊசி போடும் நேரம் வந்துவிட்டது என்று மீண்டும் மீண்டும் சொல்கிறார். சம்மி ஒவ்வொரு முறையும் முதல்முறை போலவே போட்டுவிட, மனைவி மயக்கத்தில் ஆழ்ந்து எழாமலே போகிறார். தேவைக்கு மிஞ்சிய இன்சுலின் கொல்லும் என்பது உண்மை. ஆனால் வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கே உச்சத்தை எட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். வழக்கமான இன்சுலினுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம். இடையில் வியர்வையும் நடுக்கமும் பசியும் வராமல் இருக்காது. படம் அவற்றை விட்டுவிட்டு அமைதியான உறக்கமாகக் காட்டுகிறது.

இந்தப் படத்தின் தாக்கத்தில் தமிழில் வந்த ஏ.ஆர். முருகதாசின் 'கஜினி' (2005), நினைவிழப்பையும் உடலில் பச்சை குத்திக்கொள்வதையும் எடுத்துக்கொண்டது. இன்சுலின் கதையை எடுத்துக்கொள்ளவில்லை. 'வார்லாக்' (1989) என்ற சூனியக்காரத் திகில் படத்தில் நாயகி ஒரு சர்க்கரை நோயாளி. முடிவில் தன்னிடமுள்ள ஊசியில் உப்புநீரை ஏற்றி, சூனியக்காரனின் மேல் குத்தி வெல்கிறாள். இந்த வகைப் படங்களில் நோய்க்கென்று தனி வாழ்க்கை கிடையாது. கதாநாயகியின் பையில் ஊசி இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

இனிப்பும் தண்டனையும்

'ஹான்சல் அண்டு கிரெட்டல்: விட்ச் ஹன்டர்ஸ்' (2013) படத்தில், சிறுவயதில் சூனியக்காரி ஊட்டிய மிட்டாய்களால் ஹான்சலுக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. கடிகாரம் ஒலிக்கும்போதெல்லாம் அவன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்; தவறினால் சாய்ந்துவிடுவான். இன்சுலின் இல்லாமல் வாழ முடியாத முதல் வகை நோய் மிட்டாயால் வருவதில்லை. அது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பிழை. இரண்டாம் வகையிலும் மரபு, வயிற்றுக் கொழுப்பு, உடலுழைப்பின்மை, மொத்த உணவு அளவு என்று பல காரணங்கள் சேர்கின்றன. 'சாக்கலேட்' (2000) படத்தில் ஜூடி டென்ச் நடித்த முதியவர், நோயை மதிக்காமல் இனிப்பு விருந்துண்டு இறப்பதும் இதே எண்ணத்தின் மென்மையான வடிவம்.

நோயைத் தண்டனையாகக் காட்டும் வழக்கம் தமிழ்த் திரைக்கும் பழையது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'இரத்தக் கண்ணீர்' (1954) படத்தில் எம்.ஆர். ராதாவின் மோகனசுந்தரம், ஆணவத்துக்கும் தீய ஒழுக்கத்துக்கும் விலையாகத் தொழுநோயைப் பெறுகிறான். அது ஒரு பாக்டீரியாவால் வருவது. ஒழுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. முதல் வகை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் 'என்னத்தை வாங்கிக் கொடுத்தீர்கள்' என்று அக்கம்பக்கத்தார் கேட்பதும், கல்யாணப் பேச்சு வரும்போது ஊசியை மறைப்பதும் இந்தத் தண்டனை எண்ணத்தின் வீட்டு வடிவங்கள்.

தமிழ்த் திரையின் வசன நோய்

தமிழ்ப் படங்களில் நாயகனையோ நாயகியையோ அச்சுறுத்தும் தகுதி சில நோய்களுக்கே கிடைத்தது. 'பாலும் பழமும்' (1961) காசநோயைக் கொண்டுவந்தது. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'வாழ்வே மாயம்' (1982) ஆகியவை புற்றுநோயை. பின்னர் 'அந்நியன்', 'சந்திரமுகி' (இரண்டும் 2005) ஆளுமைச் சிதைவைத் திகிலாக்கின. சர்க்கரை நோய்க்கு அந்த இடம் கிடைக்கவில்லை. காப்பியில் சர்க்கரை போடாதே என்று அதட்டும் மகள், கல்யாணப் பந்தியில் ஒளிந்து லட்டுத் தின்னும் பெரியவர் என்று அது துணைப் பாத்திரங்களின் வசனமாகவும் நகைச்சுவையாகவும் தங்கிவிட்டது.

இத்தனைக்கும் நோய் ஊரெங்கும் பெருகிய காலம் அது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினரும் பின்னர் மருத்துவர் வி. மோகன் குழுவினரும் சென்னையில் நடத்திய ஆய்வுகளில், வயது வந்தோரிடையே நோயின் பரவல் 1989இல் 8.3 விழுக்காடாக இருந்து, 1995இல் 11.6, 2000இல் 13.5, 2004இல் 14.3 என்று ஏறியது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. வீட்டுக்கு ஒருவருக்கு என்னும் அளவில் பழகிப்போன நோய் திகிலாகத் தோன்றாததில் வியப்பில்லை.

வலிக்காத கால்

சர்க்கரை நோயின் உண்மையான திகில் வலி இல்லாமையில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் சிறுநீரக வடிகட்டிகளையும் நரம்புகளையும் சிதைக்கிறது. மோகன் குழுவினரின் சென்னை ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பும் 26.1 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பும் இருந்தன. விழித்திரைப் பாதிப்பின் தொடக்கத்தில் பார்வை தெளிவாகவே இருக்கும். நரம்புப் பாதிப்பு வந்த காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. புண் ஆனபிறகும் நடந்துகொண்டே இருப்பார்கள். அழுத்தத்தில் புண் ஆழமாகும், கிருமி சேரும், எலும்புக்குப் பரவும். சர்க்கரை நோயால் நேரும் கால் துண்டிப்புகளில் ஏறக்குறைய 85 விழுக்காட்டுக்கு முன்னோடி ஒரு காலடிப் புண்.

இந்தப் புரிதல் வந்த வழி, 'இரத்தக் கண்ணீர்' காட்டிய நோயின் ஊடாகவே செல்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சியற்ற கைகால்களில் தெரியாமல் படும் காயங்களும் தீப்புண்களுமே அவற்றைத் தின்கின்றன என்று அவர் நிறுவினார். காலடியின் அழுத்தத்தைப் பரப்பும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகள் அந்த மருத்துவத்தின் பகுதியாயின. அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு அவர் 1966இல் சென்றபின், அதே அறிவு சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்பட்டது. தமிழ்நாட்டில் இன்று சுகர்க்காரர்களுக்கு எழுதித்தரும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு அந்த மரபில் வந்தது.

'இரத்தக் கண்ணீர்' வெளிவந்த அதே 1954இல்தான் வடசென்னையின் இராயபுரத்தில் மருத்துவர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனி மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1948இல், பக்கத்திலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையில் இந்நோய்க்கான புறநோயாளர் பிரிவை அவர் தொடங்கியிருந்தார். இந்தியச் சர்க்கரை நோய் மருத்துவத்தின் தந்தை என்று மருத்துவ உலகம் அவரைக் குறிப்பிடுகிறது, வி. மோகன் அவருடைய மகன். எம்.வி. மருத்துவமனை எனப்படும் அந்த நிறுவனம் காலடிப் பாதுகாப்பிலும் ஆய்வுகள் செய்தது. உணர்ச்சியிழந்த கால்களுக்கு ஏற்ற உள்ளடி வைத்த செருப்பு அணிந்தவர்களுக்குப் புதுப் புண்கள் குறைவு என்று அதன் மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டின் இரும்புச் சந்தை போன்ற இடங்களில் இந்தக் காலடிப் பாதுகாப்பின் பொருள் உடனே விளங்கும். தகடு வெட்டும்போது சிதறும் சில்லுகள், வெயிலில் காய்ந்த இரும்பு, தேய்ந்த ரப்பர்ச் செருப்பு என்று உணர்ச்சியற்ற காலுக்குக் காயம் படுவதற்கான வழிகள் அங்கே பல. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் ஓட்டும்போதே சுகர் இறங்கலாம். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையே போதும். சோதனை சில நிமிடங்களில் முடியும். தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்ப்பது, செருப்பைத் தட்டிவிட்டுப் போடுவது, வெறுங்காலில் நடக்காதிருப்பது ஆகியவை மீதி மருத்துவம். 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. இடையில் மருந்தை நிறுத்திவிடுவது புண்ணுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் முக்கியக் காரணம் என்பதால் அதன் பயன் பெரிது.

பேரிடரும் குளிர்பெட்டியும்

திரைப்படம் காட்டிய அச்சங்களில் நடைமுறைக்கு மிக நெருங்கியது 'கிரீன்லாந்து' (2020) படத்தில் வருகிறது. வால்மீன் மோதி உலகம் அழியப்போகும் நேரத்தில், முதல் வகை நோயுள்ள சிறுவனுக்குப் பதுங்கு குழியில் இடம் மறுக்கிறார்கள்; பெற்றோர் இன்சுலினுக்கு அலைகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னையைத் தாக்கியபோது, மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்தது; மின்சாரம் நாள்கணக்கில் வராத தெருக்கள் இருந்தன. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். பயன்பாட்டிலுள்ள குப்பி கடும் வெப்பம் படாத அறையில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். குளிர்பெட்டி நின்றுபோனால், ஈரமாக வைத்த மண்பானைக்குள் தண்ணீர் புகாத டப்பாவில் குப்பியை வைப்பது சோதித்துப் பார்த்த மாற்று வழி. உறைந்துபோன இன்சுலினைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

இயல்பாகக் காட்டிய படங்கள்

அண்மைக் காலத்தில் நோயைப் பரபரப்புக்குப் பயன்படுத்தாத படங்களும் வந்துள்ளன. 'தப்பட்' (2020) என்ற இந்திப் படத்தில் டாப்சி ஏற்ற மருமகள், காலையில் மாமியாரின் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்கிறார். அது வீட்டு வேலைகளில் ஒன்றாக வந்துபோகிறது. அந்த வேலையை எப்போதும் யார் செய்கிறார்கள் என்ற கேள்வி கதையின் மையத்தோடு சேர்கிறது. பிக்சாரின் 'டர்னிங் ரெட்' (2022) படத்தில் பள்ளிப் பிள்ளைகள் சிலரின் கையில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் பட்டை ஒட்டியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. விரலில் குத்துவது, அளவைக் குறிப்பது, நேரத்துக்குச் சாப்பிடுவது, காலைப் பார்ப்பது என்று நோயாளியின் நாள் உண்மையில் இந்தச் சின்ன வேலைகளால் ஆனது. அவை தவறும்போது ஆபத்து வருகிறது. தவறாதவரை முதல் வகை நோயாளியும் பள்ளிக்கும் வேலைக்கும் போய் நீண்ட ஆயுளோடு வாழ முடியும்.